ஆறும் வழியும்: பொருநை, வைப்பாற்று நிலத்தின் சாலைகள்

‘ஆறு’ என்னும் சொல் நீர் ஓடும் ஆற்றையும் குறிக்கும். மக்கள் நடக்கும் வழியையும் குறிக்கும். பரிசில் பெற்று மீளும் கலைஞர், எதிர்ப்படும் வறிய கலைஞரை வள்ளலிடம் செல்ல வழிப்படுத்துவதாக அமைந்த இலக்கிய வகைக்கு ‘ஆற்றுப்படை’ என்று பெயர். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் அவ்வகையின. இதனை வகுப்பில் கற்பிக்கும்போது மாணவி ஒருத்தி, “அம்மா, ஆற்றுக்கும் வழிக்கும் ஏன் ஒரே சொல்?” என்று வினவினாள். ஒரே சொல் இரு பொருள் தந்ததா, ஒலி ஒத்த இரு சொற்களா என்பது மொழியியலார் ஆராய வேண்டியது என்று அன்று விடை கூறி அமைந்தேன். அவ்விடை எனக்கே நிறைவு தரவில்லை.

2023 டிசம்பர் மாதப் பெருவெள்ளத்தின்போது அவ்வினா மீண்டும் என் முன் வந்தது. நம் மாவட்டத்துச் சாலைகள் பல இடங்களில் ஆறுகளாயின. பேருந்து சென்ற தடத்தில் படகு சென்றது. சொல்லாராய்ச்சி ஒருபுறம் இருக்க, நம் நிலத்தில் ஆற்றின் வரலாற்றை விட்டுவிட்டு வழியின் வரலாற்றை எழுத இயலாது என்பதை அந்நாள்கள் உணர்த்தின. நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், தருவைகுளத்தை நடுவாக வைத்து, தெற்கே பொருநை எனப்படும் தாமிரபரணிக்கும் வடக்கே வைப்பாற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தின் சாலைகளைப் பற்றி இங்கு எழுத முற்படுகிறேன்.

இந்நிலத்துச் சாலைகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஆற்றோடு உடன் செல்லும் சாலைகள் ஒருவகை. ஆற்றையும் ஓடையையும் குறுக்கே கடக்கும் சாலைகள் மற்றொரு வகை. முன்னவை பழமையானவை, மேற்கிலிருந்து கிழக்கே, மலையிலிருந்து கடலுக்குச் செல்பவை. பின்னவை பெரும்பாலும் புதியவை. தெற்கு வடக்காகக் கடலை ஒட்டிச் செல்பவை. நம் ஊர்களின் வளர்ச்சியும் இடரும் இவ்விருவகைச் சாலைகளின் வேறுபாட்டில் அடங்கியுள்ளன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நிலத்தின் அமைப்பு

தூத்துக்குடியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், ஓட்டப்பிடாரம் வட்டத்தில் தருவைகுளம் அமைந்துள்ளது. கிழக்கே மன்னார் வளைகுடா. கரையை ஒட்டி உப்பளங்கள். அவற்றிற்கு மேற்கே கரிசல் நிலம் எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வரை விரிகிறது. தெற்கே சென்றால் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதியில் பொருநை கொண்டுவந்த வண்டல் நிலத்தையும், நெல்லும் வாழையும் விளையும் வயல்களையும் காணலாம். அதற்கும் தெற்கே, திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகள் உள்ளன. கரிசல், வண்டல், செம்மணல், உப்புமண் என நான்கு வேறு மண்கள் ஒரே மாவட்டத்தில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

இந்நான்கு மண்ணும் சாலைக்கு நான்கு வகையான சோதனைகளை வைக்கின்றன. கரிசல் கோடையில் ஆழமாக வெடிக்கும். மழையில் உப்பிக் குழைந்து வண்டிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். வண்டல் நிலத்தில் கால்களும் மதகுகளும் நெருங்கி இருத்தலால், வழி வளைந்து வளைந்தே செல்லவேண்டும். தேரியில் மணல் நகரும். உப்பு நிலத்தில் சாலை தாழ்ந்திருந்தால் கடல்நீர் ஏறும். உயர்ந்திருந்தால் மழைநீர் தேங்கும். முன்னோர் இம்மண்களின் இயல்பறிந்தே வழி கண்டனர்.

ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று பகரும். ‘தருவை’ என்பது நெல்லைச் சீமையில் மழைக்காலத்தில் நீர் பரந்து நிற்கும் ஆழமற்ற நீர்நிலைக்கு வழங்கும் பெயர். சாத்தான்குளம் பக்கத்துத் தேரியில் வைரவன் தருவை, புத்தன் தருவை என்பன உள்ளன. தூத்துக்குடி நகரில் விளையாட்டுத் திடலொன்று இன்றும் தருவை மைதானம் எனப்படுகிறது. நம் ஊரோ தருவை, குளம் என நீர்நிலைப் பெயர்கள் இரண்டினைச் சேர்த்தே தன் பெயராகக் கொண்டுள்ளது. காயல் என்பது கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் கழிநிலம். பழையகாயலும் புன்னைக்காயலும் அதனால் பெயர் பெற்றன. கோரம்பள்ளம், உப்பாற்று ஓடை, வைப்பாறு என்பனவும் இவ்வாறே. நீர் நிற்கும் இடத்தையும் ஓடும் இடத்தையும் மறந்துவிடாதிருக்கப் பெயரிட்டு வைத்தனர் போலும்.

வழியின் பெயராலும் இங்கு ஊர் உண்டு. தூத்துக்குடியிலிருந்து மதுரை செல்லும் சாலையில், ஓட்டப்பிடாரத்திற்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் செல்வோர் இறங்கும் இடத்தின் பெயர் குறுக்குச்சாலை என்பதே. ‘சாலை’ என்னும் சொல்லும் தன் பொருளில் நெடுந்தொலைவு பயணம் செய்துள்ளது. பழந்தமிழில் அது வழியைக் காட்டிலும் கூடத்தையும் பணிமனையையுமே மிகுதியாகக் குறித்தது. அறச்சாலை, பாடசாலை என்பவற்றில் அப்பொருள் இன்றும் உள்ளது. கொற்கையை அடுத்துள்ள அக்கசாலை என்னும் ஊர்ப்பெயர், பொன்வேலையும் நாணயம் அடித்தலும் நிகழ்ந்த பணிமனையைக் குறிப்பது. நெடுவழிகளைக் கல்வெட்டுகள் ‘பெருவழி’ என்றே கூறுகின்றன.

ஆற்றோடு சென்ற வழிகள்

பொதிகை மலையில் தோன்றும் பொருநை, பாபநாசத்தில் சமவெளியை அடைந்து, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியே வந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 125 கி.மீ. தமிழ்நாட்டிலேயே தோன்றித் தமிழ்நாட்டிலேயே கடலை அடையும் வற்றாத ஆறு என்பது அதன் தனிச்சிறப்பு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அதற்கு நீர் தருகின்றன.

இவ்வாற்றின் தென்கரையை ஒட்டித் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் மாநில நெடுஞ்சாலை நம் மாவட்டத்தின் சாலைகளுள் வரலாற்றுச் செறிவு மிக்கது. செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆதிச்சநல்லூர், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என அது தொட்டுச் செல்லும் ஊர்கள் எல்லாம் ஆற்றின் பிள்ளைகளே. ஆதிச்சநல்லூரில் 1876 இல் பெர்லின் நகரத்து அறிஞர் யாகோர் தோண்டிப் பார்த்தார். நூற்றாண்டு மாறும் தறுவாயில் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். 2004 இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழாய்வு செய்தது. வடகரையில் சிவகளையில் தாழியினுள் கிடைத்த நெல்மணியின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டதாக 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆற்றின் இருகரையிலும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் நிலைத்து வாழ்ந்தனர் என்றால், அவர்தம் ஊர்களை இணைத்த நடைவழிகளும் அத்துணைப் பழமையுடையனவே. இன்று அந்நெடுஞ்சாலையில் பேருந்தில் செல்வோர் தாழிக்காட்டினைச் சாளரத்தின் வழியே கண்டவாறே கடந்து செல்கின்றனர்.

இந்த ஆற்றுவழி முடிவடைந்த இடம் கொற்கை. பாண்டியரின் துறைமுகமாகவும் முத்துக்குளிப்பின் நடுவிடமாகவும் விளங்கிய அவ்வூரைச் சங்க நூல்கள் பலபடக் கூறுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிநூல் அதனைக் கொல்கோய் எனக் குறிப்பிட்டு, தண்டனை பெற்ற கைதிகள் அங்கு முத்தெடுத்தனர் என்கிறது. மதுரை எரியுண்டபின் அரசேற்ற வெற்றிவேற் செழியன் கொற்கையில் இருந்தவன் என்று சிலப்பதிகாரம் கூறும். எனவே கொற்கைக்கும் மதுரைக்கும் இடையே முத்தும் சங்கும் மட்டுமன்றி அரசியலும் பயணம் செய்தது என அறியலாம். உப்பு வணிகராகிய உமணர், தம் வண்டிகளை வரிசையாகச் செலுத்திச் சென்ற காட்சிகள் சங்கப் பாடல்களில் மிகுதி. இன்று தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து இரவும் பகலும் புறப்படும் உப்பு லாரிகளைக் காணும்தோறும் எனக்கு அவ்வுமணர் நினைவே வருகிறது. சரக்கு மாறவில்லை, வண்டியே மாறியுள்ளது.

ஆனால் இன்று கொற்கையில் கடல் இல்லை. கடற்கரை ஆறேழு கி.மீ. கிழக்கே விலகியுள்ளது. ஆறு ஆண்டுதோறும் கொணர்ந்த வண்டல் முகத்துவாரத்தைத் தூர்த்துக் கரையைக் கிழக்கே தள்ளியது. 1870களில் கொற்கையையும் காயலையும் ஆராய்ந்த கால்டுவெல், துறைமுகம் இடம் பெயர்ந்ததற்கு இதுவே காரணம் எனத் தெளிவுபடுத்தினார். கொற்கை தூர்ந்தபின் காயல் துறைமுகமாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஓர்மசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளோடு கப்பல்கள் காயலுக்கு வந்ததை எழுதியுள்ளார். அவர் கூறிய காயல் இன்றைய பழையகாயலே என்பது கால்டுவெல் முடிபு. பின்னர் அதுவும் கடலை இழந்தது. போர்த்துக்கீசியர் காலத்தில் முகத்துவாரத்துப் புன்னைக்காயல் முதன்மை பெற்றது. அண்டிரிக் அடிகளார் எனத் தமிழர் வழங்கும் என்றிக்கே என்றீக்கசு தங்கித் தமிழ் கற்றதும் தமிழ் அச்சுப்பணிக்கு வித்திட்டதும் அக்கடற்கரையிலேயே.

இவ்வாறு மூன்று துறைமுகங்களை ஒரே ஆறு ஒன்றன்பின் ஒன்றாகப் படைத்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூடவும் செய்தது. ஒவ்வொரு முறையும் மேற்கேயிருந்து வந்த பழைய வழி அழியவில்லை. கிழக்கே சிறிது நீண்டது, அவ்வளவே. ஆறு நகர்ந்தால் வழியும் உடன் நகர்ந்தது. ஆற்றோடு செல்லும் சாலைக்கு ஆற்றோடு பகையில்லை.

கடலே சாலையாக இருந்த காலம்

வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு ஆகிய கடற்றுறைகள் ஒரே கரையில் அமைந்தவை. ஒரே தொழிலும் உறவும் கொண்டவை. எனினும் இவற்றை இணைக்கும் நேரான நெடுஞ்சாலை பல நூற்றாண்டுகளாக இல்லை. அதற்குத் தேவை எழவில்லை என்பதே காரணம். வேம்பாரிலிருந்து மணப்பாட்டுக்குப் பெண் கொடுத்தவர்கள் தோணியில் சென்றனர். சரக்கும் செய்தியும் கடல்வழியே சென்றன. தரைவழி செல்வதாயின் கழியும் ஓடையும் முகத்துவாரமும் ஒவ்வொன்றாகக் குறுக்கிடும். கடலிலோ காற்று ஒன்றே கணக்கு.

தருவைகுளத்துக்கு அண்மையில் உள்ள பட்டினமருதூர் இக்காலத்தை ஆராய உதவக்கூடும். ‘பட்டினம்’ என்னும் அடைமொழியே அதன் பழைய கடல் வாணிகத்தைச் சுட்டுகிறது. தமிழ்நாடு அரசு 2025 இல் அகழாய்வு செய்ய அறிவித்த இடங்களுள் அவ்வூரும் ஒன்று. நெடுஞ்சாலை வரைபடத்தில் சிறு புள்ளியாக உள்ள ஊர், கடல்வழி வரைபடத்தில் பெரும்புள்ளியாக இருந்திருத்தல் கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

கடலிலிருந்து உள்நாட்டுக்குச் சென்ற வழியொன்றும் உண்டு. அது பெண்கள் நடந்த வழி. என் பாட்டி தம் இளமையில் மீன்கூடையைத் தலையில் சுமந்து, கருக்கலில் புறப்பட்டுக் கரிசல் ஊர்களுக்கு நடந்து சென்றவர். மீனைக் கொடுத்துக் கம்பும் சோளமும் பெற்று மீள்வார். அவர் சென்ற பாதை சாலையன்று, ஓடையின் கரைமேடு. “ஓடையப் பிடிச்சுப் போனா ஊரு தப்பாது; மழை வந்தாலும் மேட்டுல நிக்கலாம்” என்று அவர் கூறியது இன்றும் என் நினைவில் உள்ளது. ஆற்றோடு செல்லும் வழி பற்றி நூல்களில் நான் கற்றதை அவர் காலால் கற்றிருந்தார். பெருவழிகளை அமைத்த அரசரையும் அரசியரையும் வரலாறு பாராட்டுகிறது. இராணி மங்கம்மாள் பெயரால் தென்பாண்டி நாட்டில் மங்கம்மாள் சாலை வழங்கப்படுவது தக்கதே. மீன்கூடைப் பாதைகளுக்குப் பெயரில்லை. அவையும் வரலாறே என்பதைச் சுட்ட விரும்புகிறேன்.

பருத்தியும் தூத்துக்குடியும்

பொருநை மூன்று துறைமுகங்களை மூடியபோது, அதன் முகத்துவாரத்திற்கு வடக்கே, பேராறு எதுவும் கலவாத இடத்தில், தீவுகளின் மறைவில் இருந்த தூத்துக்குடி தூராது நிலைத்தது. போர்த்துக்கீசியரிடமிருந்து 1658 இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். 1825 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. பேராறு இல்லாமையே அத்துறைமுகத்தின் நற்பேறு. ஆனால் அதே காரணத்தால், அதற்குச் செல்லும் சாலைகள் ஆற்றை விட்டு விலகிக் கரிசல் காட்டின் குறுக்கே செல்ல நேர்ந்தது. நம் மாவட்டத்துச் சாலை வரலாற்றின் திருப்புமுனை இதுவே.

அச்சாலைகளை உருவாக்கியது பருத்தி. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 இல் தொடங்கி 1865 வரை நீடித்தபோது, இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது தடைப்பட்டது. இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. கரிசல் காட்டுப் பருத்தி மாட்டுவண்டிகளில் தூத்துக்குடி நோக்கி வந்தது. மழைக்காலத்தில் கரிசல் மண் வண்டியை விடாது என்பதால், கல்லும் சரளையும் இட்டு உயர்த்திய சாலைகள் தேவைப்பட்டன. எங்கோ அட்லாண்டிக்கின் அப்பால் நிகழ்ந்த போர் எட்டயபுரத்து வண்டிக்காரரின் வழியை மாற்றியது. 1876 இல் இரயில் தூத்துக்குடியை எட்டியது. 1888 இல் இங்கே ஆர்வி நிறுவனத்தாரின் கோரல் மில் ஏற்பட்டது. அவ்வாலைத் தொழிலாளரின் 1908 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்திற்கு வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றமை யாவரும் அறிந்ததே.

ஆற்றைக் கடப்பதற்கு அந்நாளில் மக்கள் பட்ட துயருக்குத் திருநெல்வேலியின் சுலோசன முதலியார் பாலம் சான்றாகும். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆற்றைக் கடக்கப் படகே கதியாக இருந்தது. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளை ஈந்து கட்டுவித்த அப்பாலம் 1843 இல் திறக்கப்பட்டது. ஒரு தனிமனிதர் தம் செல்வத்தைக் கொடுத்தே ஓர் ஆற்றைக் கடக்கும் வழி அமைய வேண்டியிருந்தது என்றால், அன்று பாலம் எத்துணை அரிய பொருள் என்பது விளங்கும்.

பொருநையின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் அணை 1873 இல் நிறைவுற்றது. அதன் வடகால் நீர் குளங்கள் பலவற்றை நிரப்பித் தூத்துக்குடி அருகேயுள்ள கோரம்பள்ளம் குளத்தில் முடிகிறது. அக்குளத்தின் மிகைநீர் உப்பாற்று ஓடை வழியே கடலை அடைகிறது. இந்நீர்வழியையும் நெடுஞ்சாலைகளையும் ஒருங்கே நினைவில் கொள்ளுதல் வேண்டும். பின்னர் வரும் செய்திக்கு இது அடிப்படை.

பச்சைக் கல்லும் மஞ்சள் கல்லும்

இன்று நாம் வழங்கும் சாலை வகைப்பாடு 1943 இல் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்களின் திட்டத்தில் வேர் கொண்டது. தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, சிற்றூர்ச் சாலை என்னும் படிநிலை அதனால் ஏற்பட்டது. சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைத் துறை 1946 இல் தனித்துறையாயிற்று. கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாயின் தேசிய நெடுஞ்சாலை. பச்சையாயின் மாநில நெடுஞ்சாலை. சிறுவயதில் பேருந்தில் இக்கற்களை எண்ணிக்கொண்டு சென்றவர்கள் இம்மலரின் வாசகர்களுள் பலர் இருப்பர்.

தூத்துக்குடியிலிருந்து நான்கு பெருஞ்சாலைகள் பிரிகின்றன. மேற்கே பாளையங்கோட்டைக்குச் செல்வது ஏறத்தாழ 51 கி.மீ. நீளமுடையது, முன்பு 7அ என்றும், 2010 இல் எண்கள் மாற்றப்பட்டபின் 138 என்றும் வழங்கும் தேசிய நெடுஞ்சாலை. வடமேற்கே குறுக்குச்சாலை, எப்போதும்வென்றான் வழியே மதுரைக்குச் செல்வது முன்னாளில் 45ஆ, இந்நாளில் 38. தெற்கே பழையகாயல், ஆறுமுகநேரி வழியே திருச்செந்தூருக்குச் செல்வது ஒன்று. வடக்கே தருவைகுளம், வைப்பாறு, சூரங்குடி, வேம்பார், சாயல்குடி வழியே இராமநாதபுரம் செல்வது மற்றொன்று. எண் மாறலாம், நிறம் மாறலாம், சாலை கிடக்கும் நிலம் மாறுவதில்லை.

நம் மாவட்டமும் அவ்வாறே பெயர் மாறியது. 1986 அக்டோபர் 20 இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து சிதம்பரனார் மாவட்டம் எனத் தோன்றி, 1997 முதல் தூத்துக்குடி மாவட்டமாயிற்று.

குறுக்கே செல்லும் சாலைகள்

இந்நான்கனுள் தெற்கே செல்வதும் வடக்கே செல்வதும் சேர்ந்து கடற்கரையை ஒட்டிய ஒரே நெடுவழியாகின்றன. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருந்த கடலோரச் சிற்றூர்ச் சாலைகளை இணைத்து 1998 இல் கிழக்குக் கடற்கரைச் சாலை உருவாயிற்று. பின்னர் அப்பெயர் தெற்கே நம் கரை வரையிலும் நீண்டது. இதனால் விளைந்த நன்மைகள் பல. தருவைகுளத்து மீன் அன்றன்றே பனிக்கட்டியில் வெளியூர்ச் சந்தைகளை அடைகிறது. பேறுகாலத்தில் பெண்கள் உரிய வேளையில் மருத்துவமனை செல்கின்றனர். நம் ஊர்ப் பெண்கள் கல்லூரிப் படிப்பை எட்டினர். அவர்களுள் நானும் ஒருத்தி. எனவே சாலை வேண்டாம் என்று கூறும் கட்டுரையன்று இது.

எனினும் இச்சாலையின் இயல்பினை அறிதல் வேண்டும். நம் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே மிக மெல்லச் சாய்கிறது. கரிசலில் பெய்யும் மழை ஓடைகளில் மட்டும் அடங்கி ஓடுவதன்று. ஓடை நிறைந்தபின் காடு முழுவதும் பரந்து நகர்வது. அதன் குறுக்கே, தெற்கு வடக்காக, தரையினும் உயர்ந்த சாலை ஒன்று நெடுகக் கிடக்குமாயின், அது சாலையாக இருப்பதோடு கரையாகவும் ஆகிறது. அக்கரையில் இட்ட மதகுகளும் பாலங்களுமே நீருக்கு வாயில்கள். வாயில் போதாவிடில் மேற்கே நீர் தேங்கும். அளவு மீறினால் சாலையை உடைக்கும். சாலையைத் தாண்டிய நீருக்கும் உப்பள வரப்புகள் தடை. கடல் ஏற்றமாக இருக்கும் வேளையில் ஓடையின் வாயே அடைபட்டு நீர் பின்வாங்கும்.

பழைய தாம்போதிகள் இவ்வகையில் பணிவுடையவை. வெள்ளக்காலத்தில் நீர் தன் மேலே வழிந்தோடுமாறு சாலையைத் தாழ்த்தி அமைப்பது தாம்போதி. ஓரிரு நாள் போக்குவரத்து நிற்கும். பின்னர் வழி கிடைக்கும். ஆண்டு முழுவதும் தடையின்றிச் செல்ல விழையும் நாம் அவற்றை உயர்த்திப் பாலமாக்கினோம். அதில் தவறில்லை. பாலத்தின் கண்களை ஓடையின் வெள்ள அகலத்துக்கு ஒப்ப அமைத்தோமா, கோடையில் கண்ட அகலத்துக்கு அமைத்தோமா என்பதே வினா.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் விடை கிடைத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. ஓராண்டில் பெய்வதை விஞ்சும் மழை ஒரு பகலிலும் ஓர் இரவிலும் பெய்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. ஏரலில் பாலத்தை ஒட்டிய சாலையை ஆறு அரித்துச் சென்றது. தூத்துக்குடியையும் திருச்செந்தூரையும் திருநெல்வேலியோடு இணைக்கும் சாலைகள் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட விரைவு இரயில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் தண்டவாளத்தின் அடிமண் அரிக்கப்பட்டமையால், ஏறத்தாழ 800 பயணிகளோடு அந்நிலையத்தில் நின்றது. அவர்களுள் பலர் இரண்டு நாள் அங்கேயே சிக்கியிருந்தனர். ஆற்றோடு செல்லும் சாலையும் அன்று தப்பவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்துணை மழையைத் தாங்கும் சாலை எந்நாட்டிலும் அரிது. ஆயினும் ஆற்றோரச் சாலையில் வெள்ளம் ஏறி வடிந்தது. குறுக்கே கிடந்த கரைகளின் மேற்கே அது நாள்கணக்கில் நின்றது. இவ்வேறுபாட்டை அந்நாளில் நீர் சூழ்ந்த தெருக்களில் வாழ்ந்தோர் நன்கு அறிவர்.

வெள்ளம் வடிந்தபின் கல்லூரி திறந்தபோது, மேற்கூறிய வினாவை எழுப்பிய மாணவி ஒரு திங்கள் கழித்தே வந்தாள். அவள் வீடு குளத்துக்கும் சாலைக்கும் இடையே புதிதாகத் தோன்றிய குடியிருப்பில் இருந்தது. நூல்களும் குறிப்பேடுகளும் நீரில் போயின. “அம்மா, எங்கள் மனைக்குப் பழைய பேர் ‘மறுகால் பள்ளம்’ என்று இப்போதுதான் தெரிந்தது” என்றாள். மறுகால் என்பது குளத்தின் மிகைநீர் செல்லும் வழி. மனை விற்றவர் பத்திரத்தில் புதுப்பெயர் இருந்தது, பழம்பெயர் இல்லை. அப்பெயரைக் கூறியது அண்டை ஊர் முதியவர். வெள்ளம் வந்த பின்னர்.

நாம் செய்யத்தக்கது

ஓர் இலக்கிய வட்டம் பாலம் கட்ட இயலாது. மதகின் அகலத்தைக் கணக்கிடுவது பொறியாளர் பணி. ஆனால் சொற்களைக் காப்பது நம் பணி. பத்தாண்டுகளாக நாம் சங்க இலக்கியத்தின் திணையையும் துறையையும் பேசி வந்துள்ளோம். நம் கால்படும் நிலத்தின் பெயர்களை எழுதிவைத்தோமா?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் நம் கரைக்கு நேரே இருந்த விலங்குசல்லி, பவளப்பாறை அகழ்வாலும் கடல் அரிப்பாலும் நீருள் மூழ்கிவிட்டது. முத்துக்குளிப்பு 1961 இல் இறுதியாக நடந்தது. அதன்பின் பார்களின் பெயர்களை அறிந்தவர் அருகி வருகின்றனர். தீவு மறைந்தால் வரைபடத்தில் ஒரு புள்ளி நீங்கும். பெயர் மறைந்தால், அங்கு என்ன இருந்தது என்னும் அறிவே நீங்கும்.

ஆகவே நம் வட்டத்தின் அடுத்த பணியாக ஒன்றனை முன்மொழிகிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் ஓடை, மறுகால், கலுங்கு, தாம்போதி, தருவை, பள்ளம், மேடு ஆகியவற்றின் வழக்குப்பெயர்களை முதியோரிடம் கேட்டுத் திரட்டவேண்டும். வெள்ளம் எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது, எவ்வழியே வடிந்தது என்பதனைக் குறிக்கவேண்டும். மீன்கூடைப் பாதைகளையும் வண்டிப் பாதைகளையும் சேர்க்கவேண்டும். தருவைகுளத்தில் தொடங்கி வைப்பாறு வரையிலும், பின்னர்ப் பொருநை வரையிலும் இப்பணி விரியலாம். திரட்டிய பெயர்களை வரைபடத்தில் இட்டு ஊராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒவ்வொரு படி அளிக்கலாம். அடுத்த மதகு எங்கே வேண்டும் என்பதை அப்பெயர்களே பொறியாளர்க்குச் சொல்லும். மனை வாங்குவோர்க்கும் அவை சொல்லும்.

மாணவியின் வினாவுக்கு இப்போது நான் வேறு விடை கூறுவேன். ஆறும் வழியும் ஒரு சொல்லால் வழங்கப்பட்டதன் காரணத்தை மொழியியலார் ஆராயட்டும். நம் நிலத்தில் ஆற்றை அறியாதவர் வழியையும் அறியார். இவ்வாண்டு மழைக்காலத்திற்கு முன்னரே நம் பெயர்த்திரட்டைத் தொடங்குவோம். முதல் பெயராக ‘மறுகால் பள்ளம்’ என்பதை எழுதிக்கொள்ளலாம். அம்மாணவி தானே முன்வந்து அதன் எல்லைகளைக் குறித்துத் தர இசைந்துள்ளாள்.